க்யூ புரோரீடர்: டிரெஸ்டனில் தயாராகி, கடைக்கு வராமல் போன நெகிழித் திரை

2010 ஜனவரி 7 அன்று லாஸ் வேகாஸ் சி.இ.எஸ். கண்காட்சியில் பிளாஸ்டிக் லாஜிக் என்ற நிறுவனம் ‘க்யூ புரோரீடர்’ என்ற மின்வாசிப்புக் கருவியை அறிமுகப்படுத்தியது. ஒரு கடிதத்தாள் அளவு, 10.7 அங்குலத் திரை, கீழே விழுந்தாலும் உடையாத பிளாஸ்டிக் அடித்தளம். விலை 649 டாலர்; 3ஜி இணைப்பும் கூடுதல் நினைவகமும் உள்ள வகைக்கு 799 டாலர். ஏப்ரலில் வாடிக்கையாளர் கைக்கு வரும் என்றார்கள். பின்னர் ஜூன் என்றார்கள். ஆகஸ்டில் திட்டமே கைவிடப்பட்டது.

இந்தக் கதைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒரே சொல்லில் முடிந்துவிடும்: ஐபேட். ஆப்பிள் அதை அறிவித்தது 2010 ஜனவரி 27 அன்று, க்யூவுக்கு 20 நாட்கள் கழித்து, 499 டாலரில். வண்ணத் திரை, வீடியோ, இணையம் எல்லாம் அதில் இருந்தன. விளக்கம் வசதியானது, பாதிதான் சரி. க்யூ என்ற பொருளை ஐபேட் வீழ்த்தியது என்பதை ஏற்கலாம். ஆனால் க்யூவுக்குள் இருந்த கரிம டிரான்சிஸ்டர் (சிலிக்கனுக்குப் பதில் கார்பன் அடிப்படையிலான பொருளால் ஆன நுண்மின்விசை) தொழில்நுட்பம் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஒதுங்கியே கிடந்ததை ஐபேட் விளக்காது. அதற்கு ஆய்வகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கு

பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் கடத்தாது என்பது 1977 வரை பாடப்புத்தக உண்மை. அந்த ஆண்டு ஹிடெகி ஷிராகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைப் பாய்ச்சியபோது அதன் கடத்துதிறன் பல லட்சம் மடங்கு உயர்ந்தது. 2000-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் இருவரும் கரிம மூலக்கூறுகளின் மெல்லிய அடுக்குகளிலிருந்து, குறைந்த மின்னழுத்தத்தில் ஒளி வரவைத்தார்கள். 1990-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழு அதையே ஒரு பாலிமரில், அதாவது பிளாஸ்டிக் வகை நெடுமூலக்கூறில், செய்துகாட்டியது.

பிளாஸ்டிக் லாஜிக் பிறந்ததும் கேவண்டிஷிலிருந்துதான், 2000-ஆம் ஆண்டு. ஃப்ரெண்டும் ஹென்னிங் சிரிங்ஹாஸும் அதன் அறிவியல் முகங்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிரிங்ஹாஸ் குழு வெளியிட்ட ஒரு முடிவு நிறுவனத்தின் நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்தது. டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் புகும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் நடுவே சில மைக்ரோமீட்டர் இடைவெளி வேண்டும். இங்க்ஜெட் துளியோ விழுந்தவுடன் பல பத்து மைக்ரோமீட்டர் பரவிவிடும். அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது, அழகானது. நீரை விலக்கும் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் 5 மைக்ரோமீட்டர் அகல வரப்பு ஒன்றை முதலில் இட்டார்கள். நீரில் கரைந்த கடத்தும் பாலிமர் துளி அந்த வரப்பின்மேல் விழுந்ததும் தானாகவே இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஒதுங்கியது. அச்சு இயந்திரத்தால் எட்ட முடியாத நுண்மையைப் பரப்பு இழுவிசை எட்டிவிட்டது.

இதைப் பார்த்தவர்களுக்குக் கனவு விரிந்ததில் வியப்பில்லை. சிலிக்கன் ஆலைக்கு வெற்றிடக் கலன்கள், நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம், மலைபோல முதலீடு தேவை. பாலிமருக்கு மை, அச்சுத்தலை, 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழான வெப்பம் போதும். செய்தித்தாள் அச்சடிப்பதுபோல மின்சுற்றையும் சுருள் சுருளாக அச்சடித்துவிடலாம் என்ற வாசகத்தை அந்நாளில் இந்தத் துறையின் எல்லா மேடைகளிலும் கேட்கலாம். அந்த உவமை மறைத்த ஒன்று உண்டு. செய்தித்தாளில் வண்ணம் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் கண் மன்னித்துவிடும். டிரான்சிஸ்டர் மன்னிக்காது.

மின்தாளைத் தேர்ந்தெடுத்தது ஏன்

க்யூவுக்கு மின்தாள் திரையைத் தேர்ந்தது, என் கணிப்பில், நிறுவனம் எடுத்த முடிவுகளிலேயே மிகக் கூர்மையானது. கரிம டிரான்சிஸ்டரின் பலவீனங்களைத் தெரிந்துகொண்டு, அவை அதிகம் உறுத்தாத திரையை அவர்கள் பிடித்தார்கள்.

முதல் பலவீனம் வேகம். மின்னூட்டங்கள் பொருளுக்குள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதற்கான அளவு, வழக்கமான தட்டைத் திரைகளில் பயன்படும் அமார்பஸ் சிலிக்கனில் ஏறத்தாழ 0.5 முதல் 1 ச.செ.மீ./வோல்ட்-நொடி. அக்காலப் பாலிமர்கள் இதைவிடப் பல மடங்கு பின்தங்கியிருந்தன. இரண்டாவது பலவீனம் சோர்வு. தொடர்ந்து மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் கரிம டிரான்சிஸ்டர் திறக்கும் புள்ளி மெல்ல நகர்ந்துவிடும்.

கரிமப் பொருளே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் உள்ள டிரான்சிஸ்டர், திரை எரியும் நேரமெல்லாம் மின்னோட்டத்தைச் சீராக வழங்க வேண்டும். சில சதவீதம் தளர்ந்தாலும் திரையில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஈ இங்க் நிறுவனத்தின் மின்தாளின் இயல்பு வேறு. அதில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்புலத்தால் மேலும் கீழும் நகர்கின்றன. நகர்ந்தபின் மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கின்றன. டிரான்சிஸ்டர் பக்கம் மாறும்போது மட்டும் விழித்து, சுமார் 15 வோல்ட் அழுத்தத்தைக் கடத்திவிட்டு, வாசகர் அடுத்த பக்கத்தைத் தொடும்வரை ஓய்வெடுக்கலாம். மெதுவான, எளிதில் சோர்கிற டிரான்சிஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

ஆனால் தேர்வோடு ஒரு விலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கம் மாறும்போது திரை ஒருமுறை இமைத்துத்தான் அடுத்த பக்கத்தைக் காட்டும். வண்ணமும் அசைவும் கிடையாது. 2007-இல் இது குறையாகத் தோன்றவில்லை. 2010-இல் விரலால் தள்ளியதும் நகரும் திரைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய குறை.

இடம் நகரும் அடித்தளம்

க்யூவின் திரையில் 1280-க்கு 960 என்ற கணக்கில் 12,28,800 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர். லட்சத்தில் ஒன்றே ஒன்று பழுதானாலும் ஒரு திரைக்கு 12 செத்த புள்ளிகள். வெள்ளைத் தாள்போன்ற பின்னணியில் அவை துல்லியமாகக் கண்ணில் படும். ஆய்வகத்தில் 10 டிரான்சிஸ்டர்களைச் செய்து அவற்றில் சிறந்ததை ஆய்விதழில் வெளியிடுவதும், 12 லட்சத்தையும் ஒரே தரத்தில் செய்வதும் வெவ்வேறு தொழில்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை அடித்தளம். அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 169 மைக்ரோமீட்டர், திரையின் நீளப் பக்கம் சுமார் 217 மில்லிமீட்டர். பாலியெஸ்டர் படலம் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் 10 லட்சத்தில் ஏறத்தாழ 17 பங்கு விரியும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடுக்கைப் படியவைக்கும்போதும் அடுத்த அடுக்கைப் படியவைக்கும்போதும் வெப்பநிலை 10 டிகிரி வேறுபட்டால், திரையின் ஒரு முனையோடு ஒப்பிட மறுமுனை 37 மைக்ரோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். டிரான்சிஸ்டரின் முக்கிய இடைவெளியோ சில மைக்ரோமீட்டர்தான். கண்ணாடியாக இருந்தால் இதே நிலையில் 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் நகரும். ஈரப்பதத்தால் பிளாஸ்டிக் உப்புவது இந்தக் கணக்கில் சேரவில்லை. அது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் உப்புவதும் இல்லை.

தீர்வாக, ஒவ்வொரு தகடும் எப்படிச் சுருங்கியிருக்கிறது என்று அளந்து, அடுத்த அடுக்கின் வரைவை அதற்கேற்ப மாற்றும் முறைகளில் நிறுவனம் உழைத்தது. உற்பத்தியின்போது படலத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவைத்து, எல்லா அடுக்குகளும் முடிந்தபின் உரித்தெடுத்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் மெச்சத்தக்க வேலை. ஆனால் அந்த நிலையில் ஆலை எப்படி இருந்தது என்று பாருங்கள்: தூசியில்லாத அறை, கண்ணாடித் தகடு, அடுக்கடுக்கான சீரமைப்பு. வழக்கமான திரை ஆலையின் ஒழுக்கம் முழுவதும் திரும்ப வந்துவிட்டது. வெப்பம் குறைந்தது என்பது உண்மை. ‘அச்சடித்தால் மலிவு’ என்ற வாதம் மட்டும் வழியிலேயே கரைந்துபோனது.

பாகம் விற்பதா, கருவி விற்பதா

2007 ஜனவரியில் நிறுவனம் 10 கோடி டாலர் திரட்டி, ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. சிலிக்கன் சில்லு ஆலைகள் நிறைந்த வட்டாரம். தேர்ந்த தொழிலாளர்களுக்குப் பஞ்சமில்லை. 2008 செப்டம்பரில் ஆலை திறக்கப்பட்டது. கரிம டிரான்சிஸ்டர் திரைகளுக்கென்றே இந்த அளவில் எழுந்த முதல் வணிக ஆலை அது. திறந்த ஆலை ஒவ்வொரு மாதமும் பணம் கேட்கும். விற்பதற்கோ இன்னும் பொருள் இல்லை.

திரையின் டிரான்சிஸ்டர் அடுக்கான பின்தளத்தை மட்டும் செய்து, கருவி தயாரிப்பவர்களுக்கு விற்றிருக்கலாம். அதைச் செய்யாமல் முழுக் கருவியையும் தானே செய்ய முனைந்தது பிளாஸ்டிக் லாஜிக். மென்பொருள், கம்பியில்லா இணைப்பு, அமெரிக்கப் புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் வழியாக மின்னூல் கடை, வணிகப் பயணிகளைக் குறிவைத்த விளம்பரம் என எல்லாம் அதன் தலையில் விழுந்தன. பாலிமர் வேதியியலில் உலகத்தரம் வாய்ந்த ஒரு குழு, தனக்கு அனுபவமே இல்லாத நுகர்பொருள் சந்தையில் அமேசானோடும் ஆப்பிளோடும் நேரடியாக மோதும் நிலைக்கு வந்தது இப்படித்தான்.

இது வெறும் ஆணவம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். பாகமாக விற்பதற்கும் வழி குறுகிக்கொண்டே வந்தது. மின்தாள் அடுக்கைத் தந்த ஈ இங்க் நிறுவனத்தை, கண்ணாடிப் பின்தளத்தில் மின்தாள் திரைகள் செய்துகொண்டிருந்த தைவானின் பிரைம் வியூ இன்டர்நேஷனல் 2009-இல் வாங்கிவிட்டது. அதாவது முக்கிய மூலப்பொருளைத் தருபவரே போட்டியாளரும் ஆகிவிட்டார். கண்ணாடித் திரைக்கு நல்ல விலையும் நிலையான தரமும் இருந்த சந்தையில், ‘உடையாது’ என்ற ஒரே கூடுதல் சிறப்புக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பார்கள்? தனிக் கருவியாக விற்றால் அந்தச் சிறப்புக்கு உயர்ந்த விலை வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

2010-இன் நடுப்பகுதியில் அந்தக் கணக்கும் பொய்த்தது. ஜூனில் பார்ன்ஸ் அண்ட் நோபிளும் அமேசானும் ஒரே நாளில் தங்கள் கருவிகளின் விலையைக் குறைத்தன. அமேசானின் மின்வாசிப்புக் கருவியான கிண்டில் 259 டாலரிலிருந்து 189-க்கு இறங்கியது. 9.7 அங்குலத் திரை கொண்ட கிண்டில் டிஎக்ஸ் ஜூலையில் 379 டாலர். இவற்றுக்கு நடுவில் 649 டாலர் க்யூவை வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

பெரிய ஆவணங்களைப் படிக்கும் மின்தாள் கருவி என்ற எண்ணம் தவறானதாக இருக்கவில்லை. 2013-இல் சோனி, பிளாஸ்டிக் அடித்தளத் திரையோடு 13.3 அங்குல ‘டிபிடி-எஸ்1’ கருவியைக் கொண்டுவந்தது. அதன் பேனாவால் பக்கத்தின்மேலேயே எழுத முடிந்தது. பல லட்சம் பேர் வாங்கும் சந்தை அது அல்ல. ஆனால் ஒரு சந்தை இருந்தது.

ரஷ்யப் பணமும் பின்வாங்கலும்

2011 ஜனவரியில் ரஷ்ய அரசின் நானோ தொழில்நுட்ப நிறுவனமான ருஸ்நானோ உள்ளே வந்தது. 70 கோடி டாலர் திட்டம், மாஸ்கோவுக்கு அருகே ஜெலனோகிராடில் இன்னொரு ஆலை என்று அறிவித்தார்கள். அந்த ஆலை எழவே இல்லை. 2012 மே மாதம் கருவி தயாரிப்பிலிருந்து நிறுவனம் முற்றிலும் விலகியது; இனித் திரைகளும் உரிமங்களும் மட்டும் என்றது. 2015-இல் தொழில்நுட்ப வளர்ச்சிக்கு கேம்பிரிட்ஜில் ஃப்ளெக்ஸ்எனேபிள் என்றும், திரை உற்பத்திக்கு டிரெஸ்டனில் பிளாஸ்டிக் லாஜிக் ஜெர்மனி என்றும் பிரிந்தது.

அந்த ஆண்டுகளில் சறுக்கியது இது மட்டுமல்ல. ஹீகர் இணை நிறுவனராக இருந்த, அச்சிடத்தக்க சூரியப் படலங்கள் செய்த அமெரிக்காவின் கொனார்கா 2012 ஜூனில் திவாலானது. பிலிப்ஸிலிருந்து பிரிந்து, சுருட்டும் திரை செய்த பாலிமர் விஷன் அதே ஆண்டு மூடப்பட்டது.

பிளாஸ்டிக்கில் சிலிக்கன்

கரிம டிரான்சிஸ்டரின் முதன்மை வாதம் இதுதான்: நெகிழும் திரை வேண்டுமானால் பிளாஸ்டிக் வேண்டும், பிளாஸ்டிக் வெப்பம் தாங்காது, ஆகவே சிலிக்கன் உதவாது. வாதத்தின் நடுக்கண்ணியை பாலிஇமைடு உடைத்துவிட்டது. கண்ணாடித் தகட்டின்மேல் பாலிஇமைடை நீர்மமாகப் பூசி, 400 டிகிரி செல்சியஸுக்கு அருகே சுட்டு இறுக்கினால் கிடைக்கும் படலம், சிலிக்கன் டிரான்சிஸ்டருக்குத் தேவையான வெப்பத்தைத் தாங்கும். வழக்கமான ஆலை, வழக்கமான கருவிகள். கடைசியில் கண்ணாடியின் பின்புறமிருந்து லேசரைப் பாய்ச்சினால் படலம் தனியே கழன்றுவரும்.

சாம்சங்கின் வளைந்த கேலக்ஸி ரவுண்ட் 2013-இல் வந்தது, எஸ்6 எட்ஜ் 2015-இல், மடிக்கும் ஃபோல்டு 2019-இல். இவை எல்லாவற்றிலும் ஒளி தருவது கரிமப் பொருள்; அந்த ஒளியைக் கட்டுப்படுத்துவது பாலிகிறிஸ்டலைன் சிலிக்கன். அதன் மின்னூட்ட நகர்திறன் அமார்பஸ் சிலிக்கனைவிட ஏறத்தாழ 100 மடங்கு. பாலிமர் டிரான்சிஸ்டர் போட்டியிட்ட களம் அத்துடன் காலியாகிவிட்டது. க்யூ சரியான நேரத்தில் வந்து ஓரளவு விற்றிருந்தாலும், நான்கைந்து ஆண்டுகளில் இந்தச் சுவரில்தான் முட்டியிருக்கும்.

கரிமமும் அச்சும் தனித்தனியே வென்ற இடங்கள்

2000-இல் கரிமப் பொருளும் அச்சு முறையும் ஒரே வாக்குறுதியாகக் கட்டப்பட்டன. பிறகு இரண்டும் பிரிந்து போனபோதுதான் இரண்டுமே செழித்தன. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இந்த இடம்.

கரிமப் பொருளின் மாபெரும் வெற்றி ஓ.எல்.இ.டி. இன்றைய கைப்பேசித் திரைகளில் அது அச்சடிக்கப்படுவதில்லை. வெற்றிடத்தில் ஆவியாக்கி, நுண்துளை உலோகத் தகட்டின் வழியே படியவைக்கப்படுகிறது. ஓ.எல்.இ.டி.யையே அச்சடிக்க முயன்ற ஜப்பானின் ஜேஓஎல்இடி, 2015-இல் சோனி, பானசோனிக் நிறுவனங்களின் பிரிவுகளை இணைத்துத் தொடங்கப்பட்டு, 2023 மார்ச்சில் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது. சீனாவின் திரை உற்பத்தி நிறுவனமான டிசிஎல் சிஎஸ்ஓடி அந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, 2024-இல் 21.6 அங்குல மருத்துவத் திரையிலிருந்து சிறிய அளவில் தொடங்கியிருக்கிறது. விலைக்கு அலையாத வாடிக்கையாளரிடமிருந்து தொடங்குவது விவேகமான வழி. க்யூவுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

அச்சு முறையின் மாபெரும் வெற்றிகளை யாரும் அச்சு மின்னணுவியல் என்று அழைப்பதே இல்லை. ரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டையின் மின்முனைகள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் உருவாகின்றன; இவ்வகை மின்வேதி அளவி முதலில் சந்தைக்கு வந்தது 1987-இல், பேனா வடிவ எக்ஸாக்டெக் கருவியாக. சிலிக்கன் சூரியத் தகட்டின் முகப்பில் ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகளும் அச்சடிக்கப்பட்டவைதான். காரின் பின்கண்ணாடியில் பனிமூட்டம் போக்கும் கோடுகளும் அப்படியே. இவற்றில் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இல்லை. ஒரு கோடு, ஓர் இடைவெளி, ஒரு வேதிப்பூச்சு, அவ்வளவுதான். சில மைக்ரோமீட்டர் தள்ளிப் போனாலும் பொருள் வேலை செய்யும். அச்சு முறைக்கு ஏற்ற வேலை அதுவே.

இப்போது முளைப்பவை

கேம்பிரிட்ஜ் தொழில்நுட்பமே கடைசியில் ஒரு நுகர்பொருளில் ஏறியது. 2024-இல் விற்பனைக்கு வந்த லெட்ஜர் ஸ்டாக்ஸ் என்ற கிரிப்டோ பணப்பைக் கருவியின் மின்தாள் திரை, கருவியின் விளிம்பைச் சுற்றி வளைந்திருக்கிறது. அதன் பின்தளத்தில் ஃப்ளெக்ஸ்எனேபிளின் கரிம டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. திரை 3.7 அங்குலம்; அளவு சிறுத்தால் பழுதாகும் வாய்ப்பும் சிறுக்கும்.

நெகிழும் சில்லுகளில் கரிமம் இப்போதைக்குப் பின்தங்கிவிட்டது. பிரக்மாட்டிக் நிறுவனமும் ஆர்ம் நிறுவனமும் 2021-இல் காட்டிய ‘பிளாஸ்டிக்ஆர்ம்’ என்ற 32-பிட் சில்லு பாலிஇமைடின்மேல், உலோக ஆக்சைடு டிரான்சிஸ்டர்களால் ஆனது; அதன் வடிவம் அச்சில் உருவாகவில்லை, ஒளியால் வடிவம் பொறிக்கும் லித்தோகிராபியில் உருவானது. வேகம் 29 கிலோஹெர்ட்ஸ்தான். பொட்டலத்தின்மேல் ஒட்டும் உணரிக்கு அது போதும்.

கரிமச் சூரியப் படலங்களில் ஆய்வக அளவில் பெரிய பாய்ச்சல் நடந்திருக்கிறது. எலெக்ட்ரான்களை ஏற்கும் பொருளாக ஃபுல்லரீன் என்ற பந்து வடிவக் கார்பன் மூலக்கூறைக் கைவிட்டுப் புதிய ஏற்பி மூலக்கூறுகளுக்கு மாறியபின் திறன் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. ஆனால் சிறு துண்டில் கிடைக்கும் எண், சதுர மீட்டர் கணக்கில் அச்சடித்த படலத்தில் கிடைப்பதில்லை. அது கூரையில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பது இன்னொரு கேள்வி. கூரையில் சிலிக்கனோடு மோதுவதைவிட, அறை விளக்கொளியில் சிறு உணரிகளை இயக்கும் வேலையில் இதற்கு நல்ல எதிர்காலம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சிலிக்கனால் எளிதில் நுழைய முடியாத களம் உடல். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சொமெயா குழு 2013-இல், 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தின்மேல் கரிம மின்சுற்றுகளைச் செய்து காட்டியது. எடை சதுர மீட்டருக்கு 3 கிராம், கசக்கினாலும் வேலை செய்தது. கடத்தும் பாலிமரான பெடாட்-பிஎஸ்எஸ் எலெக்ட்ரான்களை மட்டுமல்லாமல் அயனிகளையும் கடத்துகிறது. நரம்புகள் பேசுவதும் அயனிகளால்தான். 2015-இல் வெளியான ‘நியூரோகிரிட்’ ஆய்வில், இந்தப் பாலிமர் பூசிய மின்முனைகளோடு சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலம் ஒன்றை மூளையின் மேற்பரப்பில் படியவிட்டு, உள்ளே ஊசி எதையும் குத்தாமல் தனித்தனி நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையின்போது மனிதர்களிடமும் அது சோதிக்கப்பட்டது. அறுவை அறையில் சில மணி நேரம் ஒட்டியிருப்பதும், உடல் நீரில் ஆண்டுக்கணக்கில் உப்பாமல், உரியாமல் இருப்பதும் வேறு வேறு. பாலிமர் பூச்சு உலோக மின்முனையிலிருந்து உரிந்துபோவதைத் தடுக்கும் ஒட்டுப் பொருள்களில்தான் இந்தத் துறையின் பல ஆய்வகங்கள் இப்போது மும்முரமாக இருக்கின்றன.